சைக்கிள் டைனமோவும் இரண்டு கண்டென்சரும்: ஏற்றம் எப்படிப் பங்கு பிரிகிறது

தொண்ணூறுகளின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. ரேடியோவுக்குப் போட பற்றரியும் கிடைக்காது. அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு மாலைச் செய்தி என்றாலே கவிழ்த்து வைத்த சைக்கிளும் அதன் பெடலைக் கையால் சுற்றும் ஒரு பிள்ளையும்தான் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டில் சுற்றுகிற பிள்ளை நான். சில்லில் உரசும் டைனமோவிலிருந்து மின்சாரம் திசை மாறி மாறி வரும். நான்கு டயோட்டுகள் அதை ஒரே திசைக்குத் திருப்பும். துடித்துத் துடித்து வருகிற அந்த மின்சாரத்தை ஒரு கண்டென்சர் வாங்கி வைத்துக்கொண்டு ரேடியோவுக்குச் சீராகக் கொடுக்கும். கண்டென்சர் சிறிதாக இருந்தால் செய்தி வாசிப்பவரின் குரலோடு 'ம்ம்ம்' என்ற இரைச்சலும் சேர்ந்தே வரும்.

ஒரு நாள் சித்தப்பா பழைய அம்பிளிபயர் ஒன்றிலிருந்து கழற்றிய பெரிய கண்டென்சரைக் கொண்டுவந்தார். ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்போதே அதன் இரண்டு கால்களையும் பழைய கண்டென்சரின் கால்களில் முட்ட வைத்தார். ஊசிமுனை அளவுக்கு ஒரு பொறி. ரேடியோ சட்டென்று நின்றுவிட்டது. பழுதாக்கிவிட்டார் என்று நினைத்துச் சுற்றுவதை விட்டேன்.

"விடாத, சுத்து. திரும்ப வரும்," என்றார்.

நாலைந்து சுற்றில் குரல் வந்தது, முன்னைவிடத் தெளிவாக. இரைச்சல் இல்லை. ஆனால் அந்த ஒரு கணம் ரேடியோ ஏன் ஊமையானது என்ற கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தபோதுதான் அதற்கு விடை கிடைத்தது. அந்த விடையையும், அதில் மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழுகிற இடங்களையும் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

கண்டென்சர் என்று கடையில் சொல்வதைப் புத்தகம் கொள்ளளவி என்கிறது. இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் மின்சாரத்தைக் கடத்தாத ஒரு படலம், அவ்வளவுதான். ஒரு தகட்டில் நேர் ஏற்றம், அதாவது நேர் மின்னேற்றம், சேர்ந்தால் மற்றதில் அதே அளவு மறை ஏற்றம் சேரும். ஒரு வோல்ற் அழுத்தத்துக்கு எவ்வளவு ஏற்றம் சேர்கிறதோ அதுவே கொள்ளளவம். 10 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றை 12 வோல்ற்றுக்கு ஏற்றினால் ஒரு தகட்டில் +120 மைக்ரோகூலோம், மற்றதில் −120 மைக்ரோகூலோம். கொள்ளளவியில் 120 மைக்ரோகூலோம் இருக்கிறது என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் மொத்தம் சுழியம். இந்தப் பேச்சு வழக்குத்தான் பின்னால் வருகிற குழப்பங்களுக்கெல்லாம் வேர்.

ஏற்றம் காக்கப்படும் என்று எல்லோருக்கும் தெரியும். எதன் மேல் உள்ள ஏற்றம் காக்கப்படும் என்று கேட்டால்தான் பலர் திகைக்கிறார்கள். 'கொள்ளளவியின் ஏற்றம்' காக்கப்படுவதில்லை. அழுத்தமும் காக்கப்படுவதில்லை. காக்கப்படுவது ஒரு தீவின் ஏற்றம்.

தீவு என்று நான் சொல்வது, சுற்றில் மற்ற எதனோடும் உலோகத் தொடுப்பு இல்லாமல் தனித்து நிற்கும் ஓர் உலோகப் பகுதியை. கடல் கொந்தளித்து நெடுந்தீவுக்குப் படகு ஓடாத ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். அன்றைக்குத் தீவுக்குள் ஆட்கள் வீட்டிலிருந்து கடைக்குப் போகலாம், கடையிலிருந்து கோயிலுக்குப் போகலாம். யாரும் வெளியே போக முடியாது, வெளியிலிருந்து யாரும் வர முடியாது. தலைகளை எண்ணினால் காலையிலும் மாலையிலும் ஒரே கணக்கு. தனித்து நிற்கிற உலோகத்துக்கும் அதே நிலைதான். ஏற்றம் அந்த உலோகத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் நகரும். தகடுகளுக்கு நடுவே உள்ள படலம் என்ற கடலை மட்டும் தாண்டாது.

ஆகவே கணக்கு வந்தால் சூத்திரத்தைத் தேடுவதற்கு முன் பென்சிலை எடுங்கள். ஒன்றோடொன்று தொடுத்திருக்கும் கம்பியையும் தகடுகளையும் ஒரே நிழலாகத் தீட்டுங்கள். படலம் வந்ததும் நிறுத்துங்கள். மின்கலத்தையோ புவியையோ தொடாத நிழல் எதுவோ அதுதான் தீவு. ஆளியை (சுவிட்சை) மூடுவதற்கு முன் அந்தத் தீவில் இருந்த ஏற்றங்களைக் குறியோடு கூட்டி எழுதுங்கள். மூடிய பின்னும் அதே கூட்டுத்தொகைதான்.

சரி, எளிய கணக்கு ஒன்று. 12 வோல்ற்றுக்கு ஏற்றிய 10 மைக்ரோபரட் கொள்ளளவியை, ஏற்றமே இல்லாத 20 மைக்ரோபரட் கொள்ளளவியோடு இணைக்கிறோம். மேல் தகடுகள் இரண்டும் சேர்ந்து ஒரு தீவு. அதில் மொத்தம் 120 மைக்ரோகூலோம். இரண்டு பக்கமும் கம்பியால் தொடுத்துவிட்டதால் இரண்டு கொள்ளளவிகளுக்கும் இனி ஒரே அழுத்தம். மொத்தக் கொள்ளளவம் 30. 120 ஐ 30 ஆல் வகுத்தால் 4 வோல்ற். சின்னதில் 40, பெரியதில் 80 மைக்ரோகூலோம். ஏற்றம் சரிபாதியாகப் பிரியும் என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். சரிபாதி என்பது இரண்டும் ஒரே அளவாக இருந்தால் மட்டுமே. சமப்படுவது அழுத்தம். ஏற்றம் அவரவர் கொள்ளளவத்துக்கு ஏற்றபடி பங்காகும்.

இப்போது சித்தப்பாவின் ரேடியோவுக்கு வருவோம். அந்த இரண்டு கண்டென்சர்களும் இன்றும் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் கிடக்கின்றன. சின்னதில் 470 மைக்ரோபரட் என்றும் பெரியதில் 2200 என்றும் அச்சிட்டிருக்கிறது. சின்னது 6 வோல்ற்றில் நின்றது என்று வைத்துக்கொள்வோம். பெரியது வெறுமையாக வந்து சேர்ந்ததும் அழுத்தம் 6 × 470 ÷ 2670, அதாவது ஏறக்குறைய 1 வோல்ற்றுக்கு விழுந்துவிடும். ஒரு வோல்ற்றில் அந்த ரேடியோ எப்படிப் பாடும்? நான் சுற்றச் சுற்ற டைனமோ இரண்டையும் சேர்த்து நிரப்பியது. நிரம்பியதும் குரல் வந்தது.

இரண்டிலும் முன்பே ஏற்றம் இருந்தால் குறியில்தான் கவனம் வேண்டும். 10 மைக்ரோபரட் 12 வோல்ற்றிலும், 20 மைக்ரோபரட் 9 வோல்ற்றிலும் இருக்கட்டும். ஏற்றம் 120, 180. நேரோடு நேர் சேர்த்தால் தீவில் 300, அழுத்தம் 10 வோல்ற். அதே இரண்டையும் நேரோடு மறையாகத் தலைகீழாக இணைத்தால் தீவில் 120 − 180, அதாவது −60 மைக்ரோகூலோம். அழுத்தம் −2 வோல்ற். அந்த மறைக்குறிக்கு ஒரு பொருள் உண்டு. சின்னக் கொள்ளளவி வெறுமையானதோடு நிற்கவில்லை, எதிர்த்திசையில் ஏறிவிட்டது. தாளில் இது வெறும் குறி. மேசையில், அலுமினியக் குவளைக்குள் இருக்கும் மின்பகுப்புக் கொள்ளளவிக்கு இது ஆபத்து. அதன் படலம் ஒரு திசை அழுத்தத்தை மட்டுமே தாங்கும் ஒட்சைட்டுப் படை. தலைகீழ் அழுத்தம் தொடர்ந்தால் சூடேறி, உள்ளே வாயு சேர்ந்து, தலைப்பகுதி வீங்கி வெடிக்கும். மறைக்காலின் பக்கம் ஒரு பட்டை அச்சிட்டிருப்பது அதனால்தான்.

அடுத்தது, நான் பார்த்தவரை மிக அதிகமானோரை விழுத்துகிற கணக்கு. அதே 10, 20 மைக்ரோபரட் கொள்ளளவிகளைத் தொடராக 12 வோல்ற் மின்கலத்தோடு இணைத்து ஏற்றுகிறோம். தொடரில் சமானக் கொள்ளளவம் 200 ÷ 30, ஏறக்குறைய 6.67. ஏற்றம் 80 மைக்ரோகூலோம், இரண்டிலும் அதே 80. அழுத்தங்கள் 8 உம் 4 உம். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, நேர்த்தகட்டோடு நேர்த்தகடு, மறைத்தகட்டோடு மறைத்தகடு சேர்க்கிறோம். இப்போது அழுத்தம் எவ்வளவு?

சிலர் மின்கலம் 80 தானே கொடுத்தது என்று 80 ஐ 30 ஆல் வகுப்பார்கள். சிலர் 12 என்றே எழுதிவிடுவார்கள். பென்சிலை எடுங்கள். தொடராக இருந்தபோது முதலாவதின் மறைத்தகடும் இரண்டாவதின் நேர்த்தகடும் ஒரே கம்பியில் நடுவில் ஒரு தீவாக இருந்தன. அந்தத் தீவின் மொத்தம் −80 + 80, சுழியம். மின்கலத்தை அது தொடவே இல்லை. ஏற்றம் தீவுக்குள் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நகர்ந்திருந்தது, அவ்வளவுதான். கழற்றியபோது அந்தத் தீவை நடுவால் வெட்டினோம். ஒரு துண்டில் −80, மற்றதில் +80 மாட்டிக்கொண்டது. பின்னர் நேர்த்தகடுகளை ஒன்று சேர்க்கும்போது புதிய தீவில் 80 + 80 = 160. அழுத்தம் 160 ÷ 30, அதாவது 5.33 வோல்ற். மின்கலம் 80 கொடுத்ததும் பொய் இல்லை, தீவில் 160 இருப்பதும் பொய் இல்லை. இணைக்கும்போது தீவுகள் சேருகின்றன என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். கழற்றும்போது தீவுகள் பிறக்கின்றன என்பதைத்தான் தவறவிடுகிறார்கள்.

இதே இரண்டையும் கழற்றாமல், மின்கலத்தை மட்டும் எடுத்துவிட்டு இரு முனைகளையும் கம்பியால் தொடுத்தால் முனைத்தீவில் +80 − 80. எல்லாம் வெறுமையாகும்.

ஏற்றத்தின் கதை இவ்வளவே. சக்தியின் கதைதான் என்னை இன்னும் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

முதற்கணக்கையே எடுங்கள். இணைப்பதற்கு முன் 10 மைக்ரோபரட்டில், 12 வோல்ற்றில் இருந்த சக்தி, அரை × 10 × 144, அதாவது 720 மைக்ரோயூல். இணைத்த பின் 30 மைக்ரோபரட்டில், 4 வோல்ற்றில் இருப்பது அரை × 30 × 16, அதாவது 240. மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போய்விட்டது. ஒரு மைக்ரோகூலோம் கூடக் குறையவில்லை, 480 மைக்ரோயூலைக் காணவில்லை.

முற்றத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே அளவான இரண்டு தண்ணீர்த் தாங்கிகள் இருக்கின்றன. ஒன்றில் 1 மீற்றர் உயரத்துக்கு 1000 லீற்றர் தண்ணீர். மற்றது வெறுமை. அடியில் குழாயால் தொடுத்துத் திறப்பைத் திருகினால் இரண்டிலும் அரை மீற்றர் நிற்கும். ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஆனால் முதலில் தண்ணீரின் நடுமட்டம் அரை மீற்றரில் இருந்தது, இப்போது கால் மீற்றரில். உயரத்தால் தண்ணீருக்கு இருந்த சக்தி 4900 யூலிலிருந்து 2450 ஆகிவிட்டது. திறப்பைத் திருகியதும் குழாயில் 'சர்ர்' என்று பாய்ந்த பாய்ச்சலிலும், மறுபக்கத்தில் எழுந்த சுழியிலும், உராய்விலும் மிச்சம் கழிந்தது. கொள்ளளவிக்குள் தண்ணீரின் இடத்தில் ஏற்றம், உயரத்தின் இடத்தில் அழுத்தம்.

இழப்பு எவ்வளவு என்று மனக்கணக்காகவே பார்க்கலாம். 80 மைக்ரோகூலோம் ஒரு கொள்ளளவியிலிருந்து மற்றதற்குப் போனது. முதல் துளி போகும்போது இரண்டுக்கும் இடையில் 12 வோல்ற் வித்தியாசம். கடைசித் துளி போகும்போது வித்தியாசமே இல்லை. சராசரி 6 வோல்ற் இறக்கம். 80 × 6 = 480. அவ்வளவுதான். இந்தக் கணக்கில் கம்பியின் தடை எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தடை இழப்பைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. வேகத்தை மட்டுமே தீர்மானிக்கிறது. நடுவில் 1000 ஓம் தடை வைத்தால் நேரமாறிலி, அதாவது ஏற்றம் நகர எடுக்கும் நேரத்துக்கான அளவுகோல், ஏறக்குறைய 6.7 மில்லிசெக்கன், தொடக்க ஓட்டம் வெறும் 12 மில்லிஅம்பியர். வெறும் கம்பி, 0.1 ஓம் என்றால் தொடக்க ஓட்டம் 120 அம்பியர், எல்லாம் ஒரு மைக்ரோசெக்கனுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். இரண்டிலும் வெளியேறுவது அதே 480 மைக்ரோயூல்.

வீட்டில் இன்வேர்ட்டர் வைத்திருப்பவர்கள் பற்றரியின் கேபிளை மாட்டும்போது பளிச்சென்று பொறி பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே வெறுமையாகக் காத்திருக்கும் கொள்ளளவிகள் ஒரே மூச்சில் நிரம்புவதால் வருவது அது. அங்கும் பாதிச் சக்தி கொள்ளளவியில் சேராமல் வழியில் வெப்பமாகும். அதனால்தான் சில அமைப்புகளில் முதலில் ஒரு தடையின் ஊடாக மெதுவாக நிரப்பிவிட்டுப் பிறகு நேரடியாகத் தொடுக்கிறார்கள். வெப்பம் குறைந்துவிடாது. தொடுமுனையைக் கருக்குவதற்குப் பதிலாக, அந்த வேலைக்கென்றே வைத்த தடையில் போய்ச் சேரும்.

அப்படியானால் தடையே இல்லாத கம்பியால் இணைத்தால்? நல்ல மாணவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. கேட்காதவரைவிடக் கேட்டவருக்கு விளங்கியிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். எந்தச் சுற்றும் ஒரு வளையம், வளையத்துக்குத் தூண்டல் உண்டு, அதாவது ஓட்டம் மாறுவதை எதிர்க்கும் இயல்பு. தடை இல்லாவிட்டால் ஏற்றம் 4 வோல்ற்றில் போய் அமைதியாக உட்காராது. ஊஞ்சல் போல அங்கே தாண்டி, இங்கே திரும்பி, அலைந்துகொண்டே இருக்கும். லெய்டன் சாடி என்ற பழங்காலக் கண்ணாடிக் கொள்ளளவியின் மின்னிறக்கம் இப்படி முன்னும் பின்னும் அலைகிறது என்பதை 1842 இலேயே அமெரிக்கரான ஜோசப் ஹென்றி ஊகித்தார். வில்லியம் தொம்சன், பிற்காலத்துக் கெல்வின் பிரபு, 1853 இல் அதற்குக் கணிதம் எழுதினார். ஜெர்மனியில் பெடர்சன் அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் சுழலும் கண்ணாடியால் பொறியைப் படம்பிடித்து, ஒரே பொறிபோலத் தெரிவது உண்மையில் பல என்று காட்டினார். அலைகிற ஏற்றம் மின்காந்த அலையையும் வெளியே அனுப்பும். ஆகவே தடையே இல்லாவிட்டாலும் சக்தி கதிர்வீச்சாகக் கசிந்துபோகும், அலைவும் அடங்கும். 2002 இல் ஓர் அமெரிக்கப் பௌதிகச் சஞ்சிகையில் வந்த ஆய்வு இந்தக் கதிர்வீச்சு இழப்பை மட்டும் எடுத்துக் கணக்கிட்டு, காணாமல் போன சக்தி முழுவதற்கும் அதுவே ஈடாகும் என்று காட்டியது. வழி எதுவானாலும், ஏற்றம் ஓய்ந்து அமர வேண்டுமென்றால் அந்த 480 ஐக் கொடுத்தே ஆகவேண்டும். அதைக் கொடுக்காமல் தப்ப, நடுவில் வேண்டுமென்றே ஒரு தூண்டியையும் டயோட்டையும் வைத்து, ஊஞ்சல் மறுகரையைத் தொட்ட கணத்திலேயே பிடித்து நிறுத்த வேண்டும். அப்போது இரண்டின் அழுத்தமும் சமப்படாது. அதுதான் அந்த உத்தியின் விலை.

இதையெல்லாம் நம்பச் சொல்லவில்லை, செய்து பாருங்கள். ரேடியோ திருத்தும் கடையில் 1000 மைக்ரோபரட், 25 வோல்ற் கொள்ளளவிகள் இரண்டும், ஒரு 9 வோல்ற் பற்றரியும், ஒரு மல்டிமீற்றரும் போதும். ஒன்றைப் பற்றரியில் சில செக்கன் பிடித்து ஏற்றுங்கள். மீற்றரில் 9 ஐ ஒட்டி ஏதோ ஒன்று தெரியும். பட்டை உள்ள கால் பட்டை உள்ள காலோடு சேரும்படி மற்றதோடு முட்டுங்கள். நான் அண்மையில் ஒரு பையனோடு செய்தபோது 4.3 இல் வந்து நின்றது. 4.5 வராததற்கு அவன் முகம் வாடியது. அதில்தான் பாடமே இருந்தது. இந்த வகைக் கொள்ளளவிகள் அச்சிட்ட அளவிலிருந்து 20 சதவீதம் வரை கூடியோ குறைந்தோ இருக்கலாம். 9 க்கு 4.3 என்றால் இரண்டாவது முதலாவதைவிட ஏறக்குறைய 9 சதவீதம் பெரியது. அவனே அதைக் கணக்கிட்டு எடுத்தான். அளவு தெரிந்த ஒரு கொள்ளளவியை வைத்துக்கொண்டு தெரியாத ஒன்றை இப்படி அளக்கலாம்.

அதன்பிறகு ஒன்றின் இரு கால்களையும் கம்பியால் தொடுத்து வெறுமையாக்கி, கம்பியை எடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுத்து மீற்றரை வையுங்கள். சுழியம் இருக்காது. சில பத்து மில்லிவோல்ற் திரும்பி எழுந்திருக்கும். படலத்துக்குள் ஊறிப்போனது மெல்ல வெளியே வருகிறது. சின்னதில் இது வேடிக்கை. பழைய குழாய்த் தொலைக்காட்சி, மைக்ரோவேவ் அடுப்பு போன்றவற்றின் உயர் அழுத்தப் பகுதியில் இது உயிர் போகும் விடயம். அவற்றைத் திறந்து பரிசோதனை செய்ய வேண்டாம்.

இந்தப் பங்கு பிரிப்பு இன்று உங்கள் கைக்குள்ளும் நடக்கிறது. ஐபிஎம் பொறியியலாளர் ரொபர்ட் டென்னார்ட் 1968 இல் காப்புரிமை பெற்ற நினைவக வடிவத்தில், ஒரு துண்டுத் தகவல் என்பது ஆளி போல வேலை செய்யும் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மிகச் சிறிய கொள்ளளவியும். இந்தச் சோடிதான் ஒரு கலம். ஏற்றம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழியம். கைபேசிக்குள் இருப்பது அந்த வடிவத்தின் வழிவந்ததுதான். அதை வாசிப்பது எப்படி? சித்தப்பா செய்தது போலத்தான், முட்ட வைத்துப் பார்ப்பது. கலத்தின் கொள்ளளவி ஒரு நீண்ட கம்பியோடு தொடுக்கப்படும். அந்தக் கம்பிக்கே கலத்தைவிடப் பல மடங்கு கொள்ளளவம் உண்டு. உதாரணத்துக்கு, 1 வோல்ற்றில் இருக்கும் 25 பெம்டோபரட் (மைக்ரோபரட்டின் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒரு பெம்டோபரட்) கலம், முன்கூட்டியே அரை வோல்ற்றில் நிறுத்திய 100 பெம்டோபரட் கம்பியைத் தொட்டால் தீவில் 25 + 50 = 75, அதை 125 ஆல் வகுத்தால் 0.6 வோல்ற். கம்பி 0.1 வோல்ற் உயர்கிறது. கலம் வெறுமையாக இருந்திருந்தால் 0.4 க்கு இறங்கியிருக்கும். அந்தப் பத்தில் ஒரு வோல்ற் உயர்வையோ இறக்கத்தையோ ஓர் உணர் சுற்று கண்டுபிடித்துப் பெருக்கி, ஒன்றா சுழியமா என்று சொல்கிறது.

ஏற்றம் பங்கு போய்விட்டதால், வாசித்த கலத்தில் பழையது இருக்காது. உடனே திரும்ப எழுத வேண்டும். வாசிக்காவிட்டாலும் கசிவு இருப்பதால், வழக்கமாக 64 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை ஒவ்வொரு கலத்தையும் தொட்டு நிரப்பியபடியே இருக்க வேண்டும். சுற்றுவதை நிறுத்தினால் அங்கும் எல்லாம் ஊமையாகிவிடும்.